ஒரே ஜோடி பூட்ஸ்

விடிவதற்கு முன்பே மரக்காணம் உப்பளத்தில் பலகைகள் இழுபடத் தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தி கண்ணைக் கூச வைக்கும், காலைப் பொசுக்கும். அதனால் இருட்டோடு இருட்டாக இறங்கி, நீண்ட கழி பொருத்திய மரப்பலகையால் அடியில் படிந்த உப்பைச் சுரண்டி வரப்புக்கு இழுத்து வருவார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தோள்பட்டை கழன்று இறங்கும். காலில் இருக்கும் வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் எரிச்சல் உச்சந்தலைவரை ஏறும். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டும், பிறகு கால் மரத்துப்போகும். மரத்துப்போவதைத்தான் இங்கே பழகிவிட்டது என்கிறார்கள்.

அன்று அம்சவல்லியும் சாலம்மாளும் அடுத்தடுத்த பாத்தியில் உப்பு வாரினார்கள்.

"உம் பொண்ணு கலை எழுந்துருச்சா?" என்று கேட்டாள் சாலம்மாள்.

"தூங்குது. அதுக்கு வெயில் வந்தப்புறம்தான வேலை. கம்ப்யூட்டரு, ஃபேன் காத்து!" அம்சவல்லிக்குப் பெருமையை மறைக்கத் தெரியாது.

சாலம்மாள் சிரித்தாள். அவள் சிரித்தால் அளத்தின் அடுத்த கோடிவரை கேட்கும். "அதுவாச்சும் நம்மள மாதிரி காலை ஊற வெச்சுக்கினு கெடக்காம நல்லா இருக்கட்டும்டி."

கிழக்கு வெளுக்கும்போது லாரி வந்தது. வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, சாய்த்து வைத்த பலகை வழியே ஏறி லாரியில் கொட்ட வேண்டும். அந்த ஏற்றப் பலகை நடுவில் விரிசல் விட்டிருப்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். கூடவே உப்பு வாரும் சுப்ராயன் முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனான். முதலாளி ராஜாங்கத்துக்கு மட்டும் அந்த விரிசல் கண்ணில் படவே இல்லை. அவர் ஏறுகிற பலகையா அது?

சாலம்மாள் பாதி ஏறியபோது பலகை முறிந்தது. கூடையோடு விழுந்தாள். உப்பு அவள்மேல் சரிந்தது. அம்சவல்லி ஓடிப்போய் முகத்தைத் துடைத்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

ராஜாங்கம் காரில் வந்தார். கண்ணாடியை இறக்கினார், கதவைத் திறக்கவில்லை.

"ஐயா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும். ஆபரேசன்னா செலவாவும். நீங்கதான் பாக்கணும்" என்றான் சுப்ராயன்.

"ஏம்பா, நான் எதுக்குப் பாக்கணும்? மேஸ்திரி கூட்டியாந்த ஆளு. மேஸ்திரியைக் கேளு."

"எத்தினி வருசமா உங்க அளத்துலதான கெடக்குது அந்தம்மா?"

"கெடந்தா? ரோட்டுல போறவங்கல்லாம் என் ஆளா? எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." கண்ணாடி ஏறிவிட்டது.

உப்பு மூட்டை ஏற்றும் டெம்போவில் சாலம்மாளைப் படுக்கவைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மேஸ்திரி அன்று சாயங்காலமே ஊரைவிட்டுப் போய்விட்டான்.

*

கீழ்புத்துப்பட்டில் ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு டயர் கடை. அதன் மாடியில்தான் ராஜாங்கத்தின் இன்னொரு வியாபாரம். உப்பை அழகான பொட்டலத்தில் போட்டு இணையத்தில் விற்கும் அலுவலகம். அம்சவல்லியின் மகள் கலைமதிக்கு அங்கே வேலை. திண்டிவனத்தில் பி.ஏ. தமிழ் படித்தவள். வெப்சைட்டுக்கு எழுதுவாள். அவள் எழுதுவதைச் செந்தமிழ் என்ற தோழி ஆங்கிலத்தில் மாற்றுவாள். படம் சேர்ப்பது, பக்கம் ஏற்றுவது, பாஸ்வேர்டைக் காப்பது எல்லாம் செந்தமிழ்தான்.

ராஜாங்கம் ஆரம்பத்தில் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டினார். கொட்டும்வரை ஆள் வந்தார்கள், நிறுத்தியதும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் எவனோ சொன்னான் என்று வேறு தளங்கள் தன் தளத்தைக் கைகாட்டுவதுபோல் போலி லிங்க்குகளை மொத்தமாக வாங்கிப் போட்டார். தேடுபொறி அந்தப் பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்ததும், தேடுகிறவர் கண்ணுக்கே எட்டாத கடைசிப் பக்கத்தில் போய் விழுந்தது தளம். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது கலைமதிதான் வழி சொன்னாள்.

"சார், ஜனங்க இன்னா தேடுறாங்களோ அதுக்குப் பதில் எழுதலாம். ஊறுகாய்க்கு எவ்ளோ உப்பு, கல்லுப்பு ஏன் மழையில கசியுது, எது கசக்கும், எது கசக்காது. ஒரு தடவை உண்மையா எழுதினா அது நிக்கும். அதைப் படிச்சவங்க நாலு பேருக்குச் சொல்லுவாங்க."

அப்படியே நடந்தது. ஆனால் எழுதினால் மட்டும் போதாது, நம்பிக்கையுள்ள மற்ற தளங்கள் நம்மைக் கைகாட்ட வேண்டும். அதற்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. சாலம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பருவத்தில் முதன்முதலாக வாரும் உப்பில் கொஞ்சம் தனியே எடுத்து, வேண்டிய வீடுகளுக்கெல்லாம் சும்மா கொடுத்தனுப்புவாள். காசு வாங்கமாட்டாள். மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும்போது அந்த வீடுகளில் அவளுக்குக் கஞ்சி உண்டு. கலைமதி அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஊறுகாய் போடும் பெண்கள், சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள், புதுச்சேரியில் ஒரு பள்ளி ஆசிரியர், இடையஞ்சாவடியில் இயற்கைப் பொருள் கடை வைத்திருக்கும் சகாயசெல்வி என்று ஒவ்வொருவருக்கும் முதல் உப்பில் ஒரு பொட்டலமும் கைப்பட நாலு வரியும் அனுப்பினாள். பொட்டலம் கட்டியவள் சாலம்மாள். அவர்கள் சந்தேகம் கேட்டார்கள், இவள் பதில் சொன்னாள். பழக்கமானது. தங்கள் பக்கங்களில் இவர்களுடைய தளத்துக்கு லிங்க் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் மரக்காணம் உப்பு என்று யார் தேடினாலும் ராஜாங்கத்தின் தளம் முதலில் வந்து நின்றது. "ரிலேஷன்ஷிப்! பாத்தியா, எல்லாம் ரிலேஷன்ஷிப்!" என்று அவர் தொடையைத் தட்டினார், ஏதோ தானே பொட்டலம் கட்டியதுபோல.

அதுவரை கலைமதி எழுதியதில் பொய் கிடையாது. அதற்கப்புறம்தான் தொழிலாளர்களைப் பற்றிய பக்கத்தை எழுதச் சொன்னார் ராஜாங்கம்.

"வெளிநாட்டுலேர்ந்து ஆர்டர் வருது. தொழிலாளிங்களை எப்படி வெச்சிருக்கீங்கன்னு கேக்குறான். நல்லபடியா ஒண்ணு எழுது. பூட்ஸ், குடிதண்ணி, நிழல், டாக்டர், இன்சூரன்ஸ் எல்லாம் போடு."

"சார், பூட்ஸ் யாருக்கும் குடுக்கலையே?"

"குடுக்கத்தான போறோம். முன்னாடியே எழுதி வெச்சா இன்னா தப்பு?"

அவள் அதை நம்பினாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். நம்பவில்லை. நம்பாவிட்டால் வேலை போகும் என்பதால் நம்பியதுபோல் எழுதினாள். கீழே டயர் கடையில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் இரவல் வாங்கினாள். இடது காலில் சிவப்பு பெயின்ட் சிந்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போய் ஒவ்வொருத்திக்கும் மாட்டிவிட்டுப் படம் எடுத்தாள். ஒருத்திக்கு லொடலொட, இன்னொருத்திக்குக் காலே நுழையவில்லை. ஒரே சிரிப்பு. பொட்டலத்து அட்டைக்காக இருக்கும் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் ராஜாங்கமே வந்து, சாலம்மாள் கையில் பூட்ஸைக் கொடுப்பதுபோல் நின்று பல்லைக் காட்டினார். அந்தப் படத்துக்குக் கீழே கலைமதி இப்படி எழுதினாள்: "இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் உப்பளத்தில் உழைக்கும் சாலம்மாள், எங்கள் குடும்பத்தின் மூத்த பெண்." கீழே ராஜாங்கத்தின் பெயர், உரிமையாளர் என்று. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், எழுதியவர் கலைமதி.

முன்பு எழுதிய உண்மைகளைத் தேடி வந்தவர்கள் எல்லாம் இந்தப் பொய்யையும் படித்தார்கள். உண்மை சேர்த்துவைத்த நம்பிக்கையில் பொய்யும் முதல் இடத்துக்கு ஏறிக்கொண்டது.

*

சாலம்மாளுக்காகச் சுப்ராயன் கொடுத்த மனுவை விசாரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்தார். அளத்தில் பெண்கள் கூடி நின்றார்கள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே அவர் தன் போனைத் திறந்தார்.

"வர்ற வழியில பாத்தேன். எல்லாம் நல்லாத்தான போட்டிருக்குது? பூட்ஸ் குடுத்திருக்காங்க, டாக்டர் வர்றாரு, இன்சூரன்ஸ் இருக்குது. இது யாரு? நீங்கதானம்மா?"

போனில் அம்சவல்லி பூட்ஸ் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சுக்கினு போஸ் குடுத்துட்டு, இப்ப ஒண்ணுமே இல்லன்னு மனு குடுத்தா எப்பிடி? யாரு எழுதுனது இது? உங்க ஊர்ப் பொண்ணாமே?"

எல்லாருக்கும் தெரியும் யார் எழுதினாள் என்று. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. சின்னப்பாப்பா என்பவள், நாக்கில் எப்போதும் தேள் வைத்திருப்பவள், அவள்கூடக் கழியால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள். பொய் எழுதிய பெண்ணைக் காட்டிக்கொடுக்க அந்தப் பாத்தியில் ஆள் இல்லை. அதிகாரி கடைசிவரை படிக்கவும் இல்லை. படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அம்சவல்லி வீட்டுக்கு வந்தாள். கலைமதி சோறு போட்டு வைத்திருந்தாள். அம்மா தட்டைத் தொடவில்லை.

"இன்னாம்மா?"

"டாக்டர் எங்கடி வர்றாரு? எந்தப் பக்கமா வர்றாரு? எனக்குக் காட்டு, நானும் பாக்குறேன்."

கலைமதி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"சாலம்மா கால் ஒடஞ்சு கெடக்குது. அவளுக்காவப் பேசலாம்னு போனேன். என் மூஞ்சியையே காட்டி என் வாயை அடச்சிட்டாங்க. நான் சிரிச்சுக்கினு நிக்கிறேன் அதுல."

"அம்மா, முதலாளி சொன்னாருன்னு..."

"உம் பேரைக் கேட்டாங்க. ஒருத்தர்னா ஒருத்தர் சொல்லலை. அந்தச் சின்னப்பாப்பாகூட. அவங்க மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன்?"

திட்டியிருந்தால் பரவாயில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தன்னால் பொய்யர்களாக்கப்பட்டவர்கள் தன்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் கலைமதியைப் பிடுங்கித் தின்றது. கையை வெட்டி எறிந்துவிடலாம் போல் இருந்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். அந்தப் பக்கத்தை அழித்துவிட வேண்டும். அது இருந்த தடமே தெரியக்கூடாது. அந்த ஒரு நினைப்போடுதான் விடிந்தது.

*

முதல் பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனாள். செந்தமிழ் அப்போதுதான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கத்தை அழிச்சிடுடி. இப்பவே."

"ஏய், முதல்ல நிக்கிற பக்கம்டி. முதலாளி நம்மளைத் தொலைச்சிடுவாரு."

"தொலைக்கட்டும். என்னால அதைப் பாக்க முடியலடி, வெக்கமா இருக்குது."

செந்தமிழ் அவள் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தைத் திறந்து, அழிக்கும் இடத்துக்குப் போனாள். அந்த நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். ராஜாங்கம். அந்த வேளையில் அவர் வந்ததே கிடையாது.

"நல்ல வேளை, இருக்கீங்க. கலை, அந்த ஆளுங்களைப் பத்தின பக்கம் இருக்குதே, அதைத் தூக்கிடு. ஒரு எழுத்து இருக்கக்கூடாது."

கலைமதி திகைத்து நின்றாள். அவள் விரும்பியதையேதான் அவரும் சொல்கிறார்.

"ஏன் சார்?" என்று செந்தமிழ்தான் கேட்டாள். "நேத்துவரைக்கும் அதைக் காட்டித்தான ஆர்டர் வாங்குனீங்க?"

"வக்கீல் சொன்னாரு, அது வேணாம்னு. சாலம்மா படம், பேரு, கீழ எழுதியிருக்குதே அந்த வரி... எல்லாம் போவட்டும். நாளைக்கு அந்தம்மா என் ஆளுன்னு எவனாவது கெளம்புவான்."

ஓ, அதுவா சங்கதி! கலைமதி திரையைப் பார்த்தாள். ராஜாங்கம் பல்லைக் காட்டிக்கொண்டு சாலம்மாளுக்கு பூட்ஸ் நீட்டுகிறார். எங்கள் உப்பளத்தில் உழைக்கும் சாலம்மாள். தான் எழுதிய பக்கத்தில் தப்பித்தவறி உண்மையாக நின்றுவிட்ட ஒரே ஒரு வரி அதுதான். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மற்றப் பொய்களும் தன் பெயரோடு, ஊர் பார்க்க, முதல் இடத்தில் அப்படியே நிற்க வேண்டும்.

செந்தமிழின் கை இன்னும் மவுஸின் மேல் இருந்தது. கலைமதி அந்தக் கையைப் பிடித்தாள்.

"அழிக்க மாட்டோம் சார்."

"இன்னா?"

"அது அப்படியே இருக்கட்டும்."

"சம்பளம் நான் குடுக்குறேன். போடுன்னா போடணும், எடுன்னா எடுக்கணும். புரியுதா?"

"போடுன்னு சொன்னப்ப போட்டேன் சார். அதுக்குத்தான் இப்ப எங்கம்மா மூஞ்சியைப் பாக்க முடியாம நிக்கிறேன்."

ராஜாங்கம் குரலை இறக்கினார். கத்துவதைவிட அதுதான் பயமாக இருந்தது. "யோசிச்சுப் பாரும்மா. பொய்னு நிரூபிச்சா யாரு மாட்டுவா? எழுதியவர் கலைமதின்னு போட்டிருக்குது. ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்கும். உன் நல்லதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன்."

"சிரிக்கட்டும் சார். சிரிக்க வேண்டியதுதான்." சொல்லும்போது அவளுக்கு அழுகை முட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

அவர் செந்தமிழ் பக்கம் திரும்பினார். "நீ எடு."

செந்தமிழ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "பாஸ்வேர்டு மறந்துபோச்சு சார்."

"ரெண்டு பேரும் வெளிய போங்க! நாளைக்குச் சென்னையிலேர்ந்து ஆளைக் கூட்டியாந்து எடுத்துக்கிறேன். நீங்க இல்லன்னா உலகம் நின்னுடுமா?"

போகும்போது கலைமதி குனிந்து மேசைக்கு அடியில் திருப்பிக் கொடுக்காமலே கிடந்த அந்த பூட்ஸை எடுத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே, முதல் உப்பு அனுப்பிய எல்லாருக்கும் போனில் எழுதினாள். இவ்வளவு நாள் அழகழகாக எழுதியவளுக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை. "தொழிலாளர்களைப் பற்றி நான் எழுதிய பக்கம் பொய். பூட்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. சாலம்மாள் எங்கள் உப்பளத்து ஆள் என்பது மட்டும் உண்மை. அவர் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பக்கத்தை அழிக்கப் போகிறார்கள். அழிக்கும் முன் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னை நம்பினீர்கள். வெட்கமாக இருக்கிறது."

இனி ஒருவரும் தன் முகத்தில் விழிக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஊறுகாய் போடும் ஒரு அம்மா, "உன்னைப் பொண்ணு மாதிரி நெனச்சேனே" என்று மட்டும் அனுப்பினாள். அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. பஸ் அனுமந்தையைத் தாண்டும்போது போன் அடித்தது. சகாயசெல்வி.

"கலை, நெஜமாவா? அந்தப் படத்தைக் கடையில மாட்டி வெச்சு, வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லி வித்தேனேம்மா."

"ஆமாக்கா."

"சாலம்மான்னா... அந்தப் பொட்டலம் கட்டுனவங்களா?"

"அவங்கதான்."

"எனக்கே வெக்கமா இருக்குது. ஒரு தடவையாவது அளத்துப் பக்கம் வந்து பாத்திருக்கணும்ல நான்? சரி, பிரதி எடுத்துட்டேன். அந்த ஆசிரியரும் எடுத்துட்டாராம், இப்பதான் பேசுனோம். என் பக்கத்துலயே போடுறேன். இனிமே இன்னா பண்ணணும், சொல்லு."

*

உப்பளத்தில் பலகைகள் வரப்பில் படுத்துக்கிடந்தன. சாலம்மாளுக்கு ஒரு வழி பிறக்கும்வரை வாருவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள். வாராத உப்பு பாத்தியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. கலைமதி செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து வந்தாள். கையில் பூட்ஸ்.

"இன்னா, இன்னொரு போட்டோ புடிக்கணுமா?" என்றாள் சின்னப்பாப்பா. தேள் திரும்பி வந்துவிட்டது.

கலைமதி போனைத் திறந்து அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தாள். நிழற்கூரை என்றாள், வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். சுத்தமான குடிநீர் என்றாள்; பக்கத்தில் பிளாஸ்டிக் குடத்தில் வெயிலில் சூடேறிய தண்ணீர் இருந்தது. சாலம்மாளைப் பற்றிய வரி வந்தது. அதையும் படித்து முடித்தாள். பிறகு அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாள்.

"எங்க மூஞ்சியை வித்துட்டியேடி" என்று ஒரு குரல் வந்தது.

"ஆமாக்கா. வித்துட்டேன்."

அம்சவல்லி மகளைப் பார்க்காமல் தூரத்து உப்பு மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுப்ராயன் எழுந்தான். "எல்லாம் பொய்யி, சரி. ஆனா எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்ன வாயாலயே எங்க குடும்பத்துப் பொண்ணுன்னு சொல்லியிருக்காரு இல்ல? அதை வுடக்கூடாது. கெளம்புங்க, அந்த ஆபீசரைப் பாக்கப் போவலாம். எல்லாரும்."

சின்னப்பாப்பா எழுந்து கலைமதி கையிலிருந்த பூட்ஸைப் பிடுங்கினாள். "இதையும் எடுத்துக்கினு போவலாம். சும்மாவா, எங்க எல்லாரு காலையும் பாத்த பூட்ஸு."

*

அதிகாரியின் அறை சிறியது. பெண்கள் வாசல்வரை நெருக்கியடித்து நின்றார்கள். இடையஞ்சாவடியிலிருந்து சகாயசெல்வியும் வந்து சேர்ந்துகொண்டாள். அவள் கையில் கடையில் மாட்டியிருந்த படம்.

"திரும்பவும் இன்னா?" என்றார் அதிகாரி.

அம்சவல்லி பூட்ஸைத் தரையில் வைத்து அதற்குள் காலை விட்டாள். "படத்துல நான் போட்டிருக்குறது இதுதாங்க சார். எடது காலு சேப்பு பெயின்ட்டு, பாருங்க." கழற்றினாள். அடுத்தவள் மாட்டினாள். அவளுக்கு லொடலொடத்தது. "நான் போட்டதும் இதேதான் சார்." சின்னப்பாப்பாவுக்குக் குதிகால் நுழையவே இல்லை, பாதி மாட்டியபடியே நின்று காட்டினாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி போனில் இருந்த படங்களையும் தரையில் இருந்த பூட்ஸையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் பூட்ஸ் காலியாக நின்றது.

"இது சாலம்மா கையில வாங்குன பூட்ஸு" என்றான் சுப்ராயன். "அந்தம்மா வர முடியாது. கடைசிப் படத்தையும் கீழ இருக்குற வரியையும் படிங்க சார். இந்தத் தடவை முழுசாப் படிங்க."

அவர் படித்தார். நேரம் எடுத்துப் படித்தார். பிறகு அவர் நிமிர்ந்து, அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை அதட்டல் இல்லை.

"கலைமதின்னு பேரு போட்டிருக்குது. யாரும்மா எழுதுனது இதை?"

கலைமதி கூட்டத்துக்குள்ளேயே நின்றாள். இன்றைக்கும் ஒருத்தியும் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அப்போது அம்சவல்லி கூட்டத்துக்குள் கையை விட்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். உப்பு தின்று சொரசொரத்த கை.

"என் பொண்ணு சார் எழுதுனா" என்றாள். "பொய்யா எழுதுனா. இப்ப இங்கயே நின்னு நெஜத்தைச் சொல்லுவா, எழுதிக்குங்க."

அந்தக் கை மணிக்கட்டை விடவில்லை. பின்னால் நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். சின்னப்பாப்பாவின் மூச்சு கலைமதியின் கழுத்தில் பட்டது.

"சொல்லுடி" என்றாள் சின்னப்பாப்பா. "நாங்க இருக்கோம்ல."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். கலைமதி சொல்லத் தொடங்கினாள்.